தானே எடுத்துக்கொண்ட படம்

அன்புச்செல்விக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பொருளானாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டாள். அதற்கப்புறம் அது ஓடவேயில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

தோல் பை தைக்க வந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். புருஷன் தமிழ்ச்செல்வன், அவிநாசிக்கும் காந்திபுரத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு முகூர்த்த நாள் நெரிசலில் அவன் தோளில் தொங்கிய பணப்பையின் அடி கிழிந்து, சில்லறை பஸ் முழுக்க உருண்டது. தைக்கக் கொடுக்கலாம் என்று பையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். காலையில் எழுந்து பார்த்தால் பை பையாக இல்லை. கட்டில் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் அன்புச்செல்வி நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, இன்னைக்கு வசூல நான் எதுல போடறது?"

"மஞ்சப் பையில போட்டுக்கங்க. இதப் பாத்தீங்களா, அடியில ஒத்தத் தோலு வெச்சு ஏமாத்திப்போட்டானுங்க. கிழியாம என்ன பண்ணும்?"

கொஞ்ச நாள் தமிழ்ச்செல்வன் கல்யாண வீட்டு மஞ்சள் பையோடு டிக்கெட் கிழித்தான். மற்ற கண்டக்டர்கள் தாம்பூலம் கேட்டு அவன் மானத்தை வாங்கினார்கள். அப்புறம் ஒரு நாள் புதுப் பையோடு போனான். அடியில் இரட்டைத் தோல். கையை விட்டால் சில்லறை தானாக விரலுக்கு வந்து சேருகிற மாதிரி சாய்வான அறை. கேலி செய்தவர்களே ஆளுக்கொன்று கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். அதிலிருந்து அவளுக்கு அதுவே தொழிலாகிவிட்டது. மூடிப்போன டுட்டோரியல் ஒன்றிலிருந்து பழைய மேசை நாற்காலி வாங்கி, பின்னறைச் சன்னலோரம் போட்டாள். தோலைக் கவ்விப் பிடிக்கிற மரக் கிடுக்கியை ஆசாரியைக் கூப்பிட்டு மேசையிலேயே பொருத்திக்கொண்டாள். இரண்டு ஊசி, மெழுகு போட்ட நூல், பக்கத்தில் ரேடியோ. கண்டக்டர் பையோடு, பெண்கள் மாட்டிக்கொள்கிற பையும் வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்பா ஆறுச்சாமிக்கு மட்டும் தெரியக் கூடாது.

ஆறுச்சாமி பக்கத்துச் சந்தில் தனியாக இருந்தார். மில் வேலை முடிந்து, இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் கேட்டில் வாட்ச்மேன். தினமும் காலையில் மகள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, மருமகனின் பஸ்ஸில் ஏறிக் காந்திபுரத்தில் பஸ் மாறிப் போவார். தோல் வேலை அவர் சாதிக்கென்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த வேலை. அவருடைய அய்யன் தோட்டம் தோட்டமாகப் போய், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர். அந்தத் தண்ணீரில் விளைந்ததை ஊரே சாப்பிட்டது. தைத்தவரை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ஆறுச்சாமி மீசை முளைக்கும் முன்பே கோயமுத்தூருக்கு ஓடிவந்து மில்லில் சேர்ந்தார். தோல் இனிமேல் தன் வீட்டு வாசற்படி ஏறாது என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னவர், சொன்னபடியே இருந்தார். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார்.

அதனால் அவர் வருகிற நேரத்தில் பின்னறைக் கதவு சாத்தியிருக்கும். "என்னமோ வாடை அடிக்குதே கண்ணு" என்று ஒரு தடவை கேட்டார். "அவரு பேக்குங்கப்பா" என்றாள். அவரும் சரி என்று காப்பியைக் குடித்தார். தெரிந்தால் திட்டமாட்டார். திட்டுகிற அப்பாவாக இருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். பேசாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்புறம் வரவே மாட்டார். அதுதான் பயம்.

இப்படி இருக்கும்போதுதான், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் அவள் மாட்டிக்கொண்டாள். கைத்தறித் துணியும் கைவினைப் பொருளும் விற்கிற கடை. கண்ணாடிக்குள் ஒரு தோல் பை தொங்குவதைப் பார்த்து உள்ளே போனவள், அதை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பிவிட்டாள். கடைக்காரப் பெண் மோகனப்பிரியா எழுந்து வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள குடும்பம். பெங்களூரில் படித்துவிட்டு வந்து, வீட்டில் சண்டை போட்டுக் கடை வைத்தவள்.

"ஏனுங்க, அத ஏன் அப்பிடித் திருப்பறீங்க?"

"உள்ள எப்பிடி இருக்குதுன்னு பாத்தேனுங்க மேடம். கோவிச்சுக்காதீங்க."

மோகனப்பிரியாவின் கண் அவள் தோளில் இருந்த பைக்குப் போனது. "இது எங்க வாங்கினீங்க?"

"நான் தெச்சதுங்க."

மோகனப்பிரியா அந்தப் பையை வாங்கி, அவளும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே ரகம்தான் என்று அன்புச்செல்விக்கு அப்போதே பட்டது. தீபாவளிக்குக் கொஞ்சம் பைகள் தைத்துத் தரச் சொன்னாள் மோகனப்பிரியா. விற்றால் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். "ஒரு போட்டோவும் வேணுங்க. நீங்க வேல செய்யற மாதிரி. யாரு தெச்சதுன்னு தெரிஞ்சா வாங்கறவங்களுக்கு ஒரு ஆசை வரும்."

இந்த மாதிரி, என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினாள். ஏதோ ஒரு காட்டில், பெரிய மரத்தடியில், ஒரு வெள்ளைக்காரப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோல் பை தைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சருகு. முகத்தில் வெயில். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. அன்புச்செல்வி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஊசியில் நூலே இல்லை. ஆனால் அவளுக்கு வந்த சந்தேகம் வேறு.

"இத எடுத்தது யாருங்க? காட்டுல அவங்க மட்டுந்தான இருக்கறாங்க."

மோகனப்பிரியா கீழே இருந்ததைப் படித்தாள். "அவங்களே எடுத்துக்கிட்டாங்களாம். கேமராவ எங்கியாச்சும் வெச்சு, பொத்தானை அழுத்திப்போட்டு ஓடிப்போய் ஒக்காந்துக்குவாங்களாம். கொஞ்ச நேரம் பொறுத்து அதுவே எடுத்துக்குமாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அன்புச்செல்விக்கு வேறு நினைப்பே இல்லை. ஆள் இல்லாமல் எடுக்கிற கேமரா. அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தால், தான் வேலை செய்யும்போது எப்படி இருப்போம் என்று தானே பார்க்கலாம். தைக்கிறபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. போட்டோ ஸ்டூடியோ சீனிவாசலு, ஆறுச்சாமியின் டீக்கடைக் கூட்டாளி. அவரைக் கூப்பிட்டால் சாயங்காலமே அப்பா காதுக்குப் போய்விடும். புருஷனை எடுக்கச் சொல்லலாம் என்றால், அவன் எடுத்த படங்களில் இதுவரை யாருக்கும் தலை இருந்ததில்லை. தானே எடுத்துக்கொள்வதுதான் நல்லது. பஸ் டிரைவர் திருமலைசாமியிடம் அவன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா ஒன்று இருந்தது. தமிழ்ச்செல்வன் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிவந்தான். "கீழ போட்டுப்போடாத. அப்பறம் அவன் என்னைய நடுரோட்டுல எறக்கி உட்டுருவான். முக்கியமா, பிரிச்சுப் பாத்துப்போடாத."

ஞாயிற்றுக்கிழமை, ஆறுச்சாமி டியூட்டிக்குப் போனதும், அவள் வறண்டு கிடந்த குளத்துக்குள் இறங்கி ஒரு வேலமரத்தடிக்குப் போனாள். பாதி தைத்த பை, ஊசி நூல், குத்தூசி எல்லாம் எடுத்துக்கொண்டாள். மேசையையும் கிடுக்கியையும் தூக்கிக்கொண்டா போக முடியும்? பத்திரிகைக்காரப் பெண்ணும் தரையில்தானே உட்கார்ந்திருந்தாள். செங்கல் அடுக்கி, மேலே கேமராவை வைத்து, பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஓடினாள். சேலை முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்து விடுவிப்பதற்குள் 'கிளிக்' என்றது.

மறுபடி அழுத்தினாள், மறுபடி ஓடினாள். உட்கார்ந்து பையை எடுப்பதற்குள் 'கிளிக்'. அடுத்த தடவை ஓடுவதற்கு வசதியாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவிழ்த்துவிட மறந்துபோனாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாச்சியம்மாள் இந்தக் கூத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "ஏம்மணி, ஆரும் தொரத்தலியே, எதுக்கு ஓடற?"

அன்புச்செல்வி விளக்கிச் சொன்னாள். ஆள் இல்லாமல் படம் எப்படி விழும் என்று நாச்சியம்மாள் கேமராவை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள். தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னாள். "இப்பிடி ஒக்காருங்க" என்று இவள் மரத்தடியைக் காட்டியதற்கு, "நானெதுக்குக் கீழ ஒக்காரோணும்? நின்னுட்டே எடுத்துக்கறேன்" என்று குச்சியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். படம் விழுந்த பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றாள்.

கடைசியில் அன்புச்செல்விக்கு நேரம் பிடிபட்டது. ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து, பையை முழங்காலுக்குள் இடுக்கி, தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். முகம் தெரியக் கூடாது. வகிடு மட்டும் தெரிந்தால் போதும். யாராவது பார்த்தாலும் யாரோ ஒரு பெண் என்றுதான் நினைப்பார்கள்.

காந்திபுரத்தில் கழுவி வந்த படங்களைப் பார்த்துத் தமிழ்ச்செல்வன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒன்றில் மரம் மட்டும். ஒன்றில் ஓடுகிற முதுகு. ஒன்றில் ஆட்டின் மூஞ்சி. தலை குனிந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பிடி இடுக்கிட்டுத் தெச்சா ஒரு தையலும் நேரா வராதே" என்றான். ஆனால் மோகனப்பிரியாவுக்கு அதுதான் பிடித்தது. நெம்ப இயல்பாக இருக்கிறது என்றாள். கடைக்கு உள்ளே எங்காவது மாட்டிக்கொள்ளுங்கள் என்று அன்புச்செல்வி கேட்டுக்கொண்டாள். சரி என்றுதான் அவளும் சொன்னாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அவளுக்கே ஆசை தாங்கவில்லை. தெருவைப் பார்த்த கண்ணாடியில் மாட்டிவிட்டாள்.

ஆறுச்சாமி பஸ் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தெரு அது.

படம் மாட்டிய அடுத்த நாள் காலையில் அவர் காப்பிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாள். மறுநாளும் வரவில்லை. "மாமா என்ற வண்டியில ஏறல. பின்னால வந்த டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிப் போறாரு" என்று தமிழ்ச்செல்வன் வந்து சொன்னான். பகலில் ஆர்.எஸ்.புரத்துக்குப் போய்த் தெருமுனையிலிருந்தே கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே மாட்டச் சொன்ன படம் கண்ணாடியிலேயே தொங்கியது. படத்துக்கு முன்னால் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராக பஸ் ஏறித் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனாள். ஆறுச்சாமி மறுநாளைக்கான காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் கதவோரமே நின்றாள்.

"தப்புத்தானுங்கப்பா. உங்ககிட்டச் சொல்லாம தோலத் தொட்டுப்போட்டேன்."

"தோலா?" ஆறுச்சாமி கழுத்துப் பட்டியைத் திருப்பிப் போட்டார். "அது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும் கண்ணு."

அன்புச்செல்வி கதவோரத்திலிருந்து ஓரடி உள்ளே வந்தாள்.

"தோல் வாடையிலயே பொறந்தவன் நான். எங்கிட்ட வந்து புருசன் பேக்குன்னு சொல்ற. ஒரு பேக்கு அத்தன வாடை அடிக்குமா? கதவச் சாத்தற, சன்னலச் சாத்த மறந்துபோற. லீவு நாள்ல சன்னலுக்கு அக்கட்டால நின்னு பாத்திருக்கறேன். மேச போட்டு, நாக்காலியில நிமுந்து ஒக்காந்து, பாட்டுக் கேட்டுட்டே தெக்கற. வாரவங்க நின்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. மொதல்ல எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பாக்கப் பாக்க, ஒரு ஆபீசரு மாதிரி இருந்துச்சு. செரி, இது வேற வேலைன்னு உட்டுட்டேன்."

"அப்பறம் ஏனுங்கப்பா காப்பிக்கு வாரதில்ல?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எங்கய்யன் அப்பிடித்தான் ஒக்காந்திருப்பாரு. வேலி ஓரத்துல, மண்ணுல, குனிஞ்ச தல நிமுராம. தோட்டத்துக்காரவிய கட்டல்ல ஒக்காந்து சொல்லுவாங்க, இவரு கீழ ஒக்காந்து தெப்பாரு. அவரு மூஞ்சிய அங்க ஆரும் பாத்ததில்ல. நான் பக்கத்துல நின்னுட்டிருப்பேன்." கொஞ்ச நேரம் சட்டையையே தடவிக்கொண்டிருந்தார். "அந்தப் படத்துல உன்ற மூஞ்சியும் தெரியல. மத்தவிய ஆரோன்னு நெனச்சுக்குவாங்க. எனக்குத் தெரியாதா? உன்னைய அப்பிடி ஒக்காரச் சொன்னது ஆரு கண்ணு? அந்தக் கடக்காரப் பொண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவுக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருக்கும், இவளுக்கும் பாரம் குறைந்திருக்கும். ஆனால் மோகனப்பிரியா காட்டியது ஒரு பத்திரிகைப் படத்தை மட்டும்தான். மேசையை விட்டு வந்ததும், மண்ணில் உட்கார்ந்ததும், தலையைக் குனிந்ததும் யார்?

"ஆரும் சொல்லலீங்கப்பா. நானேதான் போய் ஒக்காந்தேன். பொத்தானையும் நாந்தான் அழுத்தினேன்."

ஆறுச்சாமி தலையை மட்டும் ஆட்டினார். "செரி, ஊட்டுக்குப் போ. இருட்டுது." அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணை அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவள் காட்டில் தரையில் உட்கார்ந்தால் அது அவள் இஷ்டம், பார்க்கிறவனும் அப்படித்தான் பார்ப்பான். அதே தரையில் ஆறுச்சாமி மகள் உட்கார்ந்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது. அது இயல்பாக இருக்கிறது என்றும் சொல்கிறான். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிற தனக்கு இது மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிறு திருமலைசாமியின் கேமரா மறுபடி வந்தது, ஆனால் அவள் குளத்துக்குப் போகவில்லை. தமிழ்ச்செல்வனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மேசையையும் நாற்காலியையும் வீட்டு வாசலுக்கு, தெரு பார்க்க, பட்டப்பகலில் கொண்டுவந்து போட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்தப் பக்கம் வந்த சீனிவாசலு, "ஏம்மணி, நான் எடுத்துத் தரட்டா?" என்று கேட்டார். "வேண்டாமுங்க, நானே எடுத்துக்கறேன்" என்று பொத்தானை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஓடவில்லை. முதல் இரண்டு படத்துக்குக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு மூலையில் தோல் மடங்காமல் தகராறு பண்ண, அதோடு மல்லுக்கட்டுவதில் கேமராவை மறந்தே போனாள். 'கிளிக்' என்றபோது திடுக்கிட்டாள்.

அந்தப் படம்தான் நன்றாக விழுந்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நூலை இரண்டு கையாலும் அகல இழுத்தபடி, கிடுக்கியில் இருந்த தோலை முறைத்துக்கொண்டிருந்தாள். பல்லுக்கிடையில் நாக்கு நுனி வேறு எட்டிப் பார்த்தது. இதுதான் தைக்கும்போது இருக்கிற முகமா என்று அவள் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அழகென்று சொல்ல முடியாது. ஆனால் யார் முகம் என்பதில் சந்தேகமே இல்லை. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மோகனப்பிரியாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அந்தப் பழைய படத்துல ஒரு இது இருந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க."

"அது நடிச்சதுங்க மேடம். நான் ஒரு நாளும் அப்பிடித் தெச்சதில்லீங்க."

"பாக்கறவங்களுக்கு அது தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியுமுங்க. அதக் கழட்டிக் குடுத்துருங்க. இல்லீன்னா பைய எல்லாம் நான் எடுத்துட்டுப் போயிக்கறேனுங்க."

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இத்தனை பையையும் கண்டக்டர்களா வாங்கப்போகிறார்கள்? மோகனப்பிரியா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். எதற்காக என்று கேட்க வாயெடுத்தவள், அன்புச்செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பழைய படத்தைத் தானே கழற்றினாள்.

புதுப்படம் கண்ணாடிக்கு வந்தது. அப்போதும் ஆறுச்சாமி காப்பிக்கு வரவில்லை. அவள் போய்ச் சொல்லவும் இல்லை. போய்ச் சொன்னால் அது மன்னிப்பைக் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். அவர் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறாரா, வேறு தெருவுக்கு மாறிவிட்டாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தினமும் பால் மட்டும் ஒரு டம்ளருக்குக் கூடுதலாகக் காய்ச்சினாள். கடைசியில் அதைத் தமிழ்ச்செல்வன் குடித்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மிச்சப் பைகளோடு கடைக்குப் போனாள். மோகனப்பிரியா ஒளிக்காமல் சொன்னாள். "பை போயிட்டுத்தான் இருக்குதுங்க, முந்தி மாதிரி வேகமா இல்ல. படத்துக்கு முன்னால இப்ப ஆரும் நிக்கறதில்லீங்க. பாத்துட்டு அப்பிடியே போயிடறாங்க."

"செரிங்க" என்றாள் அன்புச்செல்வி. அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"ஒரே ஒருத்தரத் தவிர. காக்கிச் சட்ட போட்ட ஒரு பெரியவரு. தெனமும் காலையில கட தொறக்கற நேரத்துக்கு வந்து நின்னு பாப்பாருங்க. கண்ணாடி மேல கைய வெச்சு வெயில மறச்சுட்டு, மூஞ்சியவே பாத்துட்டிருப்பாரு. பொருளு ஏதாச்சும் வேணுமோ என்னமோன்னு நேத்து நான் வெளிய போய், என்னங்க பெரியவரேன்னு கேட்டேன்."

அன்புச்செல்வி கையிலிருந்த பைகளை மேசை மேல் வைத்தாள். "என்ன சொன்னாருங்க?"

"'ஒண்ணும் வேண்டாமுங்க. இது என்ற பொண்ணுங்க. தோல் பை தெக்கறா' அப்பிடின்னாருங்க. அப்பறம் போறவங்க ரெண்டு பேரக் கூப்பிட்டு, அவங்ககிட்டயும் அதையே சொன்னாரு. நெசமாவே உங்க அப்பாங்களா?"

"ஆமாங்க" என்றாள் அன்புச்செல்வி. "என்ற அப்பாதானுங்க."